பாதியை எடுத்துப் பாதியைக் காப்பது

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். கைக்குழந்தையின் சிறுநீரகத்தில் ஒரு பகுதியை மாத்திரம் அறுத்தெடுத்துவிட்டு, மற்றப் பகுதியைக் காப்பாற்றுகிற ரண சிகிச்சையைப் பற்றியும், அதற்கு உபயோகிக்கும் கருவிகளைப் பற்றியும் பேசப் போகிறோம். “இது டாக்டர்கள் கூடிப் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் நினைக்கக்கூடும். நாமும் வைத்தியரல்ல. ஆனால் ஆபரேஷன் மேஜையின் மீது கிடத்தப்படுவது நம்முடைய குழந்தை. சம்மதம் என்று கையெழுத்துப் போடுகிறவர்களும் நாமேதான். ஒரு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு பேரைக் கேட்கிறோம். பெற்ற பிள்ளையின் உடம்பில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்றால் மாத்திரம், “எல்லாம் அவன் விட்ட வழி” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்கிறோம். இது பக்தியுமல்ல, வைத்தியர்களிடம் காட்டும் மரியாதையுமல்ல. தெரிந்துகொள்ளச் சோம்பல் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை.

யார் செய்த குற்றம்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்து மாதப் பெண் குழந்தை. அடிக்கடி ஜுரம் வருகிறது. மருந்து கொடுத்தால் நிற்கிறது, இருபது நாள் கழித்து மறுபடியும் வருகிறது. பால் குடிப்பதில்லை, எடை ஏறுவதில்லை. பல் முளைக்கும் ஜுரம் என்கிறாள் பாட்டி. கண்ணேறு என்கிறாள் அடுத்த வீட்டுக்காரி. மந்திரிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். ஒருவருக்கும் அந்தக் குழந்தையின் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டுமென்று தோன்றுவதில்லை.

இன்னொரு வீட்டில் ஆறு வயதுப் பெண். அவள் மற்றக் குழந்தைகளைப் போலவே சரியான நேரத்தில் ஒதுங்கிச் சிறுநீர் கழிக்கிறாள். ஆனாலும் பகலிலும் இரவிலும் அவள் பாவாடை சொட்டுச் சொட்டாய் நனைந்துகொண்டே இருக்கிறது. தாய் அடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கின்றன. “கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாயல்லவா, அதுதான்” என்று மாமியார் மருமகளைக் குற்றவாளியாக்குகிறாள். ஆகவே, தாய் மகளை அடிக்கிறாள், மாமியார் தாயை இடிக்கிறாள். ஆனால் குற்றம் இவர்களில் ஒருவரிடத்திலும் இல்லை. இந்த இரண்டு பெண்களுக்கும் இருக்கக்கூடியது ஒரே கோளாறாயிருக்கலாம். அது என்னவென்பதைச் சொல்லுகிறோம்.

கர்ப்பத்தில் ஐந்தாவது வாரத்தில் கரு ஒரு பயற்றளவு கூட இல்லாத காலத்தில், அதன் உள்ளே இருக்கும் ஒரு நாளத்திலிருந்து ஒரு சிறு முளை கிளம்புகிறது. அந்த முளையே நீண்டு சிறுநீர்க்குழாயாகிறது. அதன் நுனி போய்த் தொட்ட இடத்தில் சிறுநீரகம் உண்டாகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு முளை வருவது வழக்கம். சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு முளைகள் கிளம்பிவிடுகின்றன, அல்லது ஒரே முளை நடுவில் இரண்டாகப் பிரிகிறது. அப்போது ஒரே சிறுநீரகத்தில் மேல்பாகத்துக்கு ஒரு குழாயும், கீழ்ப்பாகத்துக்கு ஒரு குழாயும் ஏற்படுகின்றன. இம்மாதிரி இரட்டை அமைப்பு சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே சிலருக்கு இருக்கக்கூடும். அவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, வேறு காரணத்தால் செத்துப் போகிறார்கள். ஆகையால் இரட்டை என்றவுடனே பயப்பட வேண்டியதில்லை.

தொல்லை எங்கே வருகிறதென்றால், இரண்டு குழாய்களும் மூத்திரப்பையைப் போய்ச் சேருமிடத்தில்தான். ஜெர்மனியில் வைகர்ட் என்னும் ஆராய்ச்சிக்காரர் 1877ஆம் வருஷத்தில் இதில் ஒரு ஒழுங்கைக் கண்டு எழுதினார். பின்னால் மேயர் என்பவர் அதை விளக்கித் திருத்தினார். மேல்பாகத்திலிருந்து வரும் குழாய் கீழே போய்த் திறக்கும், கீழ்ப்பாகத்திலிருந்து வரும் குழாய் மேலே திறக்கும் என்பதே அது. மேல்பாகத்துக் குழாய் கீழே போகிறபோது, அதன் முனை சில குழந்தைகளுக்கு மூத்திரப்பைக்குள் பலூன் மாதிரி ஊதி அடைத்துக்கொள்கிறது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் குழாய் பருத்து, மேல்பாகம் நசிந்து, தேங்கின குட்டையில் புழு உண்டாவதைப்போல் கிருமிகள் பெருகி ஜுரம் வருகிறது. வேறு சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் இன்னும் கீழே போய், மூத்திரத்தை அடக்கும் தசைக்கும் அப்பால் திறந்துவிடுகிறது. பெண் குழந்தையானால் அங்கே அடக்குவதற்கு ஒன்றுமில்லாததால், கீழ்ப்பாகத்துச் சிறுநீர் ஒழுங்காகப் பைக்கு வந்து வெளியேறிக்கொண்டிருக்க, மேல்பாகத்துச் சிறுநீர் ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும். ஆண் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் அடக்கும் தசைக்கு மேலேயே திறப்பதால் இப்படிச் சொட்டுவதில்லை.

இப்போது சொல்லுங்கள் தோழர்களே! ஐந்தாவது வாரத்தில், தான் கர்ப்பமென்று தாய்க்கே நிச்சயமாய்த் தெரியாத நாளில், முளையொன்று இரண்டானதற்கு அவள் வெளியே வந்த கிரகணமா காரணம்? அந்தக் குழந்தையின் பூர்வஜன்ம பாவமா காரணம்? பாவமானால் மேல்பாகத்தை மாத்திரம் தண்டித்துவிட்டுக் கீழ்ப்பாகத்தை ஏன் மன்னித்தது? அந்தப் பாவமும் வைகர்ட் கண்ட ஒழுங்குப்படியேதான் நடந்து வருகிறதா?

காண்பதற்கு ஒரு கருவி

இரும்புத் தகட்டுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பிப் பார்க்கும் யந்திரம் தொழிற்சாலைகளில் இருந்தது. கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியர் அயன் டொனால்ட் என்பவர் அந்த ஒலியை மனித வயிற்றுக்குள் அனுப்பிப் பார்த்து, அதன் பலனை 1958ஆம் வருஷத்தில் வெளியிட்டார். இன்று நம் ஊர்களில் ‘ஸ்கேன்’ என்று சொல்லப்படுவது அதுதான். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் சிறுநீரகம் வீங்கியிருந்தால் இதில் தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்த யந்திரம் நம் தேசத்தில் எதற்கு உபயோகமாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். கருவிலிருப்பது பெண்ணென்று கண்டு அழிப்பதற்கு உபயோகப்படுத்தினார்கள். அதைத் தடுக்க 1994இல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. சிறுநீரகத்தைப் பார்க்கக்கூடிய கருவியைக் கொண்டு ஆணா பெண்ணா என்று பார்த்தவர்கள் படிக்காத பாமரர்களல்ல. கருவி புதிதானாலும் புத்தி பழையதாயிருந்தால் பலன் இப்படித்தான் இருக்கும்.

குழந்தை பிறந்த பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்கிறார்கள். மூத்திரப்பையில் மருந்து நீரை ஏற்றி, அது மேலே திரும்பி ஏறுகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். அதன்பின், சிறிதளவு கதிர் வீசும் மருந்தை ரத்தத்தில் செலுத்தி, சிறுநீரகத்தின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறதென்று அளக்கிறார்கள். மேல்பாகம் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை, கிருமிக்கு இருப்பிடமாய் மாத்திரம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எடுத்துவிடும் யோசனை வருகிறது. பேச்சுக்குப் பாதி என்கிறோமே தவிர, மேல்பாகம் சாதாரணமாய் அந்தச் சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

முழுவதும் எடுத்தாலென்ன?

“கெட்டுப்போனால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் போகிறது, அதுதான் இன்னொன்று இருக்கிறதே!” என்று கேட்கலாம். ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் வாழமுடியும் என்பதே ஒரு காலத்தில் நிச்சயமில்லாமலிருந்தது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் குஸ்தாவ் சைமன் என்னும் வைத்தியர், முன்பு நடந்த ஆபரேஷனில் சிறுநீர்க்குழாய் காயப்பட்டு ஓயாமல் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு ஸ்திரீக்கு, 1869ஆம் வருஷம் ஆகஸ்டு 2ந் தேதி ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அவர் துணிந்து வெட்டிவிடவில்லை. முதலில் நாய்களிடத்தில் செய்து பார்த்து, மிச்சமிருக்கும் ஒன்று இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறதென்று கண்ட பிறகே செய்தார். அந்த ஸ்திரீ பிழைத்தாள். அவருக்குப்பின் அதே ஊரில் அந்த ஸ்தானத்துக்கு வந்த ஷெர்னி என்பவர் 1887இல் கட்டி வந்த பாகத்தை மாத்திரம் எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவைத்தார். முழுவதும் எடுக்கக் கற்றுக்கொள்ளப் பிடித்த தைரியத்தைவிட, பாதியை விட்டுவைக்கக் கற்றுக்கொள்ள அதிகத் திறமை வேண்டியிருந்தது.

விட்டுவைப்பது ஏன் அவசியமென்றால், ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு வெகுவாய் மாறும். இவை யாவும் கர்ப்பத்தின் 36வது வாரத்தோடு உண்டாகி முடிந்துவிடுகின்றன. அதன்பின் ஒன்றுகூடப் புதிதாய் உண்டாவதில்லை. வெட்டின நகம் வளரும், முடி வளரும், இது வளராது. பிறக்கும்போது கையிலிருக்கும் முதலை வைத்துக்கொண்டுதான் எழுபது எண்பது வருஷம் குடும்பம் நடத்த வேண்டும். அப்படிப்பட்ட முதலில், ஐந்து மாதக் குழந்தையிடத்திலிருந்து அவசியமின்றி ஒரு காசு எடுத்தாலும் அது அநியாயமேயாகும்.

கத்தி வைப்பது எப்படி?

குழந்தை ஐந்து கிலோ எடையிருந்தால் அதன் உடம்பிலுள்ள ரத்தம் மொத்தம் சுமார் 400 மில்லிதான், அதாவது இரண்டு டம்ளர். பெரியவர்களுக்கு ஒரு கைக்குட்டை நனைவது கணக்கிலில்லை. இங்கே ஒரு கைக்குட்டையும் கணக்கு. சிறுநீரகமோ ரத்தம் ஏராளமாய்ப் பாய்கிற இடம். வளர்ந்தவர்களின் இருதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. பிறந்த குழந்தையின் சிறுநீரகம் நாலரை சென்டிமீட்டர் நீளம், ஒரு நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிது. இதில் ரத்தக் குழாய்களைப் பிரித்தறிவது, தட்டான் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்கிற வேலை போன்றது. உண்மையிலேயே இதைச் செய்கிற வைத்தியர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே செய்கிறார்கள். குழந்தையின் உடல் சீக்கிரத்தில் சூடு இழந்துவிடுமாகையால் அறையையும் படுக்கையையும் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள்.

முதலில், மூத்திரத் துவாரத்தின் வழியாக மெல்லிய குழல் கண்ணாடியை விட்டுப் பார்த்து, நல்ல பாகமாகிய கீழ்ப்பாகத்தின் குழாய்க்குள் ஒரு மெல்லிய நரம்புக்குழாயைச் செலுத்தி வைப்பதுண்டு. எது காப்பாற்றவேண்டியது என்று பின்னால் தடுமாறாமலிருக்க அது அடையாளம். பிறகு விலாவின் கீழோ முதுகின் பக்கமோ சிறிதாகக் கீறிச் சிறுநீரகத்தை அடைகிறார்கள். இரண்டு குழாய்களையும் பிரித்தறிந்து, பருத்துப்போன மேல்பாகத்துக் குழாயைக் கீழே வெட்டி, அதன் முனையைச் சிறுநீரகத்துக்கு வரும் பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பின்புறமாக நுழைத்து மேலே எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது அந்த வெட்டின குழாயே பிடித்திழுக்க ஒரு கைப்பிடியாகிறது. கெட்ட பாகத்தை அதன் குழாயைக்கொண்டே தூக்கிப் பிடிக்கிறார்கள். நல்ல பாகத்தில் கைபட வேண்டியதில்லை.

அடுத்து, மேல்பாகத்துக்குப் போகும் சிறிய ரத்தக் குழாய்களை மாத்திரம் கட்டுகிறார்கள். கட்டினவுடன் மேல்பாகம் கறுத்துப் போகிறது, கீழ்ப்பாகம் சிவப்பாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்லைக்கோடு தானாகவே தெரிகிறது. எங்கே அறுக்க வேண்டுமென்று அந்தக் குழந்தையின் ரத்தமே காட்டுகிறது. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கெட்ட பக்கமாகவே அறுக்கிறார்கள், நல்ல பாகத்தில் ஒரு இழைகூட வீணாகக் கூடாதென்பதற்காக. மேலேயிருக்கும் மெல்லிய தோலுறையை முன்னமே உரித்து மடித்து வைத்து, அறுத்த இடத்தின் மேல் அதையும் பக்கத்துக் கொழுப்பையும் மூடித் தைக்கிறார்கள். தையலுக்கு உபயோகிக்கும் இழை சுமார் இரண்டரை மாதத்துக்குள் தானே கரைந்துவிடும்.

கருவிகள்

இனி, அறுக்கிற கருவிகளுக்கு வருவோம். வெறுங் கத்தியும் கத்தரியும் இருந்த காலம் போய், 1926இல் போவி என்பவர் செய்த மின்சாரக் கத்தியைப் பாஸ்டனில் குஷிங் என்னும் மூளை வைத்தியர் உபயோகித்தார். அறுக்கும்போதே அது ரத்தத்தை நிறுத்துகிறது. இப்போது விநாடிக்கு 55,500 தடவை அதிர்கிற கத்தரிகளும் வந்திருக்கின்றன. அவை அதிர்ச்சியினாலேயே சதையை அறுத்து ரத்தக் குழாயின் வாயையும் அடைக்கின்றன. ஆனால் அவற்றின் அலகு சூடேறும். அந்தச் சூடு நல்ல பாகத்தில் பட்டால் அங்கேயும் சதை வெந்துபோகும். ஆகையால் கருவி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கைக்கட்டுப்பாடும் வேண்டும்.

பெரிதாய்க் கீறாமல் துவாரத்தின் வழியாகவே செய்யும் முறையும் இருக்கிறது. வயிற்றில் வாயுவை நிரப்பி, மூன்று மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள கருவிகளை நுழைத்துச் செய்கிறார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் வாயு அழுத்தத்தைக் குழந்தைக்கு வைக்கக் கூடாது. மூச்சுக்கும் ரத்தவோட்டத்துக்கும் தடையாகுமென்று குறைத்தே வைக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய குழலுக்குள் கண் தெரிவது எப்படி? முன்பெல்லாம் குழலுக்குள் சிறு வில்லைகளை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார்கள். வெளிச்சம் போதாது. லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஹாப்கின்ஸ் என்பவர், காற்று இருந்த இடத்தில் கண்ணாடித் தண்டையும், கண்ணாடி இருந்த இடத்தில் காற்றையும் வைத்து, 1959இல் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். குழல் மெல்லிதாயிற்று, வெளிச்சமோ பன்மடங்காயிற்று. அதற்கு முன்பே 1954இல் அவரும் அவரிடம் மாணவராயிருந்த பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கட்டின் வழியே உருவத்தை அனுப்பிக் காட்டினார்கள். இன்று உடம்புக்குள் வெளிச்சம் போவது அம்மாதிரி இழைகளின் வழியாகத்தான்.

இந்தக் குழல்களைக் கொண்டு, 1990இல் அமெரிக்காவில் கிளேமன் என்பவர் துவாரத்தின் வழியே ஒரு முழுச் சிறுநீரகத்தை எடுத்தார். 1993இல் ஜார்டன், வின்ஸ்லோ என்னும் இருவர் ஒரு சிறுமிக்கு இந்த மேல்பாகத்தை அவ்விதமே எடுத்ததை வெளியிட்டார்கள். இப்போது யந்திரக் கைகளும் வந்துவிட்டன. ஆனால் அவை பெரியவர்களின் உடம்புக்கென்று செய்யப்பட்டவையாகையால் கைக்குழந்தையிடம் அவற்றுக்கு இடம் போதுவதில்லை, செலவும் ஜாஸ்தி. துவார முறையில் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் குறைகிறது, ஆபரேஷன் நேரம் கூடுகிறது. மிச்சப் பாகம் பிழைப்பதில் பழகின கையால் சிறிதாய்க் கீறிச் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே, “யந்திரத்தால் செய்கிறோம்” என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து நிலத்தை அடகு வைக்க ஓடாதீர்கள். தாயத்தை நம்புவது மூடநம்பிக்கையானால், என்னவென்று கேட்காமல் யந்திரத்தை நம்புவதும் அதன் தம்பிதான்.

மறைக்கக் கூடாத விஷயம்

இதில் ஆபத்தில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். எடுத்த பாகத்தைப் பற்றிய கவலையைவிட, விட்டுவைத்த பாகத்தைப் பற்றிய கவலையே பெரிது. ஆபரேஷன் நன்றாய் முடிந்து, புண் ஆறி, குழந்தை சிரித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, சில மாதம் கழித்துப் பார்க்கும்போது, காப்பாற்றப்பட்ட கீழ்ப்பாகமும் சுருங்கிப்போயிருப்பது சிற்சில சமயங்களில் நேரிடுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அதிகமென்று பல வைத்தியர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே வெளியிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். காரணம், அந்தச் சிறிய ரத்தக் குழாய்கள் இழுபட்டாலே சுருங்கிக்கொள்கின்றன. அதனாலேயே நல்ல பாகத்தை இழுக்காதே, திருப்பாதே, இருந்த இடத்திலேயே இருக்கவிடு என்பது இந்த வேலையில் முதல் விதியாயிற்று. குழாய் சுருங்கினால் விரிவதற்காகச் சொட்டு மருந்து தெளிப்பதுமுண்டு. தங்கள் கையால் கெட்டதை எண்ணிக்கை போட்டு ஊரறியச் சொன்னதால்தான் இந்த விதிகள் பிறந்தன. எந்தத் தாயத்துக்காரனாவது, “நூறு பேருக்குக் கட்டினேன், இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை” என்று கணக்குக் காட்டியதுண்டா?

அம்மட்டுமல்ல. முன்பு இந்தக் கோளாறு என்றாலே மேல்பாகத்தை எடுப்பதுதான் வழக்கமாயிருந்தது. இப்போது அது அவசியந்தானா என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். மூத்திரப்பைக்குள் ஊதியிருக்கும் பலூனைக் குழல் கண்ணாடி வழியாகக் குத்திவிட்டால், சில குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாயிருக்கிறது. வேறு சிலருக்கு மேல்பாகத்துக் குழாயைக் கீழ்ப்பாகத்துக் குழாயோடு இணைத்துவிடுகிறார்கள், ஒன்றையும் எடுக்க வேண்டியதில்லை. ஜுரமும் இல்லை, அடைப்பும் இல்லை என்றால் கத்தியே வைக்காமல் காலாகாலத்தில் ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. நேற்றுச் செய்ததை இன்று தவறென்று கண்டால் மாற்றிக்கொள்வது இந்தச் சாஸ்திரத்துக்கு இழிவல்ல. அதுவே அதன் யோக்கியதை.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாமல் ஜுரம் வந்தால் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பத்து ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதென்று எழுதியிருந்தால், பிறந்த பிறகு குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று அந்தக் காகிதத்தைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். சரியாகச் சிறுநீர் கழித்தும் எந்நேரமும் நனைந்துகொண்டிருக்கிற பெண்ணை அடிக்காதீர்கள், குழந்தைகளுக்கு ரண சிகிச்சை செய்கிற வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். ஆபரேஷன் என்று சொன்னால், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது, எடுக்காமல் வேறு வழியில்லையா, கொஞ்சம் பொறுக்கலாமா, இதற்கு முன் எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள், மிச்சப் பாகம் என்னவாயிற்று என்று கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல வைத்தியருக்கும் கோபம் வராது.

நாம் சொன்னதையும் நாம் சொன்னோமென்பதற்காக நம்ப வேண்டாம், தெரிந்தவர்களைக் கேட்டு ஒத்துப் பாருங்கள். ஆனால் ஒன்று மாத்திரம் இன்றிரவே செய்யலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பாவாடை நனைவதற்காக உதை வாங்கும் ஒரு பெண் குழந்தை இருந்தால், அவள் மேல் குற்றமில்லை என்று அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அவளைப் பெற்றவளிடமும் சொல்லுங்கள். வைத்தியம் அதற்கடுத்த நாள் ஆரம்பிக்கட்டும்.